வேலை வந்துவிட்டது, பதவிதான் இன்னும் வரவில்லை

போன மாதம் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். எங்கள் பல்கலைக்கழகத்தில் எம்.லிப். முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண். படிக்கிற காலத்தில் மேடம் என்று கூப்பிட்டவள், சர்டிபிகேட் வாங்கிய மறுநாளிலிருந்து அக்கா என்கிறாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"அக்கா, நான் தப்பான கோர்ஸ் படிச்சுட்டேனோ?"

விசாரித்தால், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா ஒருவர் கேட்டிருக்கிறார்: "லைப்ரரி படிப்பா? எல்லாந்தான் போன்லயே வந்துருச்சே, இன்னும் உங்களுக்கு என்னம்மா வேலை?" அதற்குமேல் இவளுக்குப் பாயசம் இறங்கவில்லை.

வழக்கமான சமாதானத்தைச் சொன்னேன். நல்லா படி, நெட் பாஸ் பண்ணு, எல்லாம் சரியாகும். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று காலை முதல் சாயங்காலம் வரை நான் செய்த வேலைகளையாவது சொல்லியிருக்கலாம்.

காலையில் ஒரு ஆய்வு மாணவர், மூன்று நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாகச் சொன்ன இதழ் அசலா போலியா என்று பார்த்துத் தரச் சொன்னார். அது முடிந்ததும் ஒரு பிஎச்டி ஆய்வேட்டை இயல் இயலாகப் பிரித்து ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றினேன். மதியம் வேதியியல் துறை ஆசிரியர் ஒருவருக்கு, பதிப்பகம் அனுப்பிய உரிமைப் படிவத்தில் எதில் டிக் அடிக்க வேண்டும் என்று விளக்கினேன். சாயங்காலம், கூகுள் ஸ்காலரில் ஒரே பெயருள்ள இரண்டு பேருடைய கட்டுரைகள் கலந்து கிடந்ததைப் பிரித்தோம். அன்று முழுக்க என் கையால் ஒரு புத்தகம்கூட இரவல் கொடுக்கவில்லை.

இந்த நான்கு வேலையும் என் நியமன உத்தரவில் இல்லை. வெளிநாட்டில் இதற்கென்று ஒரு பதவி உண்டு, ஸ்காலர்லி கம்யூனிகேஷன் லைப்ரேரியன். தமிழில் ஆய்வுத் தொடர்பு நூலகர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு விளம்பரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் வேலை ஏற்கெனவே வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தங்கைக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பீரோவில் தொடங்கியது

நான் இந்த வேலைக்குள் வந்தது திட்டமிட்டு இல்லை. எங்கள் நூலகத்தின் பின்னறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கிறவர்கள் கூடவே கொடுத்த சிடிக்கள் எல்லாம் அதற்குள். சிலவற்றில் கீறல், சிலவற்றில் பூஞ்சை. சில உறைகளில் பெயர் இருக்கும், உள்ளே சிடி இருக்காது. ஒரு ஆள் நான்கைந்து வருடம் உழைத்து எழுதி, வைவா முடித்து, பட்டம் வாங்கிய ஆய்வு. அதைப் படித்தவர்கள் கெய்டும் இரண்டு தேர்வாளர்களும் மட்டுமே.

2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. ஆய்வேடுகளின் மின்வடிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும், அவை பொதுவில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2016 விதிகள் அதை இன்னும் அழுத்திச் சொல்லின. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. யாரும் காசு கட்டாமல் படிக்கலாம். அதில் எங்கள் பங்கை ஏற்றும் வேலை, "மேடம், உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வரும்" என்ற ஒரே தகுதியில் என் தலையில் விழுந்தது.

சிடியைத் திறந்தால் அடுத்த சிக்கல் தயாராக இருந்தது. தமிழ்த் துறை ஆய்வேடுகள் பாதிக்குமேல் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. பாமினி ஒன்று, வானவில் ஒன்று, டிடிபி சென்டர்காரர் வைத்திருந்த ஏதோ ஒன்று. திரையில் தமிழாகத் தெரியும். தலைப்பை நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010-இல்தான் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு அடித்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அப்படியே ஏற்றினால் எந்தத் தேடுபொறியும் அதைக் கண்டுபிடிக்காது. ஆய்வேடு இணையத்தில் இருக்கும், ஆனால் யாருக்கும் கிடைக்காது. பீரோவில் இருந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அப்போதுதான் வகுப்பில் படித்த கேட்டலாகிங் எனக்கு உறைத்தது. தலைப்பு, ஆசிரியர், பொருள், ஆண்டு, மொழி என்று விவரங்களைச் சரியாகக் கொடுப்பதைத்தான் இப்போது மெட்டாடேட்டா என்கிறார்கள். டப்ளின் கோர் என்று 15 விவரங்களைக் கொண்ட ஒரு தரம் உண்டு. அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின். 1995-இல் அங்கே நடந்த பட்டறையில் பிறந்தது. அட்டையில் எழுதியதைக் கணினியில் எழுதுகிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வித்தியாசம் கொஞ்சம் பெரிது. அட்டையில் தவறு செய்தால் நம் நூலகத்துக்கு வருகிறவருக்கு மட்டும்தான் புத்தகம் கிடைக்காது. இங்கே தவறு செய்தால் உலகத்துக்கே கிடைக்காது.

யார் காசு, யார் கட்டுரை

ஓப்பன் ஆக்ஸஸ், தமிழில் திறந்த அணுக்கம், என்றால் என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. பேராசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. கட்டுரையை அவர் இலவசமாக எழுதிக் கொடுக்கிறார். அதை மதிப்பிடும் இன்னொரு பேராசிரியரும் இலவசமாகவே செய்கிறார். பதிப்பகம் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அதே கட்டுரையைச் சந்தா கட்டி வாங்குகிறது. நம் வீட்டு நெல்லை நாமே குத்திக் கொடுத்துவிட்டு, அரிசியைக் கடையில் வாங்குகிற கதை.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கிளைக்கதை உண்டு. உலகின் பெரிய ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்களை வடிவமைப்பதும், மொழி திருத்துவதும், எக்ஸ்எம்எல் குறிகள் இடுவதும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கும் நிறுவனங்களில்தான் நடக்கிறது. நம் ஊர் ஆசிரியர் எழுதிய கட்டுரை கடல் தாண்டிப் போய், பக்கம் அமைக்கச் சென்னைக்கே வந்து, மறுபடி கடல் தாண்டி, டாலர் விலையோடு நம் நூலகத்துக்குத் திரும்புவதும் உண்டு.

இதை மாற்ற வேண்டும் என்ற குரல் 2002-இல் புடாபெஸ்ட் பிரகடனமாக வந்தது. அது இரண்டு வழி சொன்னது. ஒன்று, ஆசிரியர் தன் கட்டுரையின் பிரதியைத் தன் நிறுவனக் களஞ்சியத்தில் வைப்பது. இரண்டு, இதழே எல்லோருக்கும் இலவசமாக வெளிவருவது. இரண்டாவது வழியில் பெரிய பதிப்பகங்கள் புதிதாக ஒரு கல்லாப்பெட்டியை வைத்துவிட்டன. படிக்கிறவர் கட்ட வேண்டாம், எழுதுகிறவர் கட்டட்டும். நேச்சர் இதழ் 2020-இல் இதற்கு அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். நம் மாநிலப் பல்கலைக்கழகத் துறை ஒன்று அவ்வளவு பணத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

காசு வாங்காமலும் செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, பெங்களூரிலிருந்து தன் இதழ்களை எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு கேட்காமல் தன் தளத்தில் வைத்திருக்கிறது. இந்த வகைக்கு வைரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், டைமண்ட் ஓப்பன் ஆக்ஸஸ்.

"இப்பத்தான் ஒரே நாடு ஒரே சந்தா வந்துருச்சே, இனி இதெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் துறைத் தலைவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். 2025 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கக் கிடைக்கிறது. எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் அது வாடகை வீடு. பணம் கட்டும்வரை குடியிருக்கலாம். எங்களோடு இணைந்திருக்கும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் முதல் கட்டத்தில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, உலகம் எழுதியதை நாம் படிக்கத்தான் அந்தச் சந்தா. நாம் எழுதியதையெல்லாம் உலகம் படிக்க அந்தச் சந்தா மட்டும் போதாது.

நான் வாங்கிய குட்டு

ஆய்வேடுகளை ஏற்றிப் பழகியதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நம் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கும் ஒரு களஞ்சியம் வைப்போம் என்று டி-ஸ்பேஸ் மென்பொருளை நிறுவினோம். எம்ஐடி நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, கிடைத்த பிடிஎஃப்களையெல்லாம் ஏற்றினேன். துணைவேந்தர் வந்து விளக்கேற்றித் தொடங்கிவைத்தார்.

மூன்றாவது மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையான ஆங்கிலத்தில் மிரட்டல். எங்கள் பதிப்புரிமைக்குரிய கோப்புகளை உடனே நீக்குங்கள் என்று. பதிவாளர் அறையில் நின்றபோது வியர்த்தது எனக்குத்தான் தெரியும். "எழுதுனது நம்ம ஆளு, ரூல்ஸ் போடுறது அவனா?" என்று பதிவாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்ததும் நம்ம ஆளுதானே.

அந்தக் குட்டில்தான் உண்மையான பாடம் ஆரம்பித்தது. ஒரு கட்டுரைக்கு மூன்று உருவங்கள் உண்டு. ஆசிரியர் முதலில் அனுப்புவது ஒன்று. மதிப்பீட்டாளர்கள் சொன்னபடி திருத்தி, ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவம் இரண்டாவது. பதிப்பகம் பக்கம் அமைத்து, முத்திரையோடு வெளியிடுவது மூன்றாவது. மூன்றாவதைத் தொடக்கூடாது என்கிற பதிப்பகங்களில் பல, இரண்டாவதைக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. சிலர் ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்வார்கள். எந்த இதழுக்கு என்ன விதி என்று பார்ப்பதற்கு ஷெர்பா ரோமியோ என்று அறியப்பட்ட இலவசத் தளம் இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர். இது தெரியாமல் நான் விளக்கேற்ற வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "சார், கடைசியா திருத்தி அனுப்புன வேர்டு ஃபைல் இருக்கா?" பத்துக்கு எட்டு பேர் தலையைச் சொறிவார்கள். "அந்த லேப்டாப் போச்சே மேடம்." பதிப்பகம் ஏற்றுக்கொண்ட அன்றைக்கே அந்தக் கோப்பை வாங்கி வைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. மீதிப் பாதி, ஆசிரியர்களின் பயத்தைப் போக்குவது.

"எல்லாருக்கும் தொறந்து வச்சா எவனாவது திருடிட மாட்டானா?"

"பூட்டி வச்சா மட்டும் திருட மாட்டானா சார்? தொறந்து இருந்தா யார் திருடினாங்கன்னு திருட்டைப் பிடிக்கிற மென்பொருளுக்கே தெரியும்."

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் உரிமையைத் தூக்கி எறிவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் எளிய வகையில்கூட, என் பெயரைச் சொல்லித்தான் எடுத்தாள வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இதை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். இன்னும் ஐம்பது தடவை சொல்லத் தயார்.

அப்பா பெயரில் போகும் மேற்கோள்கள்

தமிழ்நாட்டில் மட்டும் இந்த வேலைக்குக் கூடுதலாக ஒரு சுவை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு இதழின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தைக் காட்டி நிற்கும். நம் ஆள் முதல் கட்டத்தில் தன் பெயரையும் கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரையும் போடுவார். கட்டுரை வந்த பிறகு மேற்கோள் காட்டுகிறவர்கள் கடைசிப் பெயரைத்தான் எழுதுவார்கள். ஆராய்ச்சி செய்தது மகள், புகழ் போவது அப்பாவுக்கு. அடுத்த கட்டுரையில் அவரே இனிஷியலை முன்னால் போட்டிருப்பார், அதற்கடுத்ததில் பின்னால். தேடுபொறிக்கு இவர் மூன்று ஆட்கள்.

2012-இல் வந்த ஆர்க்கிட் எண் இதற்கு மருந்து. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண், வாழ்நாள் முழுக்க ஒன்றே, இலவசம். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதிவு செய்யும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுத்து, அங்கேயே எண் வாங்கவைக்கிறேன். பெயரை எப்படி எழுதுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்யுங்கள், சாகும்வரை மாற்றாதீர்கள் என்று சொல்கிறேன். சிரிப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடும்போது சிரிப்பு வராது.

கொள்ளை இதழ்கள்

மனசு கனக்கிற பகுதி இது. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்டி செய்த ஒருவர் வந்தார். கட்டுரை ஏற்கப்பட்டது என்று கடிதம் கையில் இருந்தது. அனுப்பிய இரண்டாம் நாளே வந்த கடிதம். பணமும் கட்டியாயிற்று. இதழின் பெயரும் ஐஎஸ்எஸ்என் எண்ணும் அசல், தளம் மட்டும் போலி. வெளிநாட்டில் உண்மையாகவே நடக்கும் ஓர் இதழின் பெயரில் எவனோ கடை விரித்திருக்கிறான். ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. "ஒரு வாரம் முன்னாடி உங்களைப் பாத்திருக்கலாம் மேடம்" என்றார். நூலகரிடம் இதைக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவர் தவறில்லை, நாங்கள் சொல்லாதது.

இப்படிப்பட்ட இதழ்களுக்கு ஆங்கிலத்தில் பிரிடேட்டரி ஜர்னல் என்ற பெயரை வைத்தவர் ஒரு நூலகர்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி பீல், 2010 வாக்கில். அவர் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து மறைந்தது. அவருடைய முடிவுகள் சிலவற்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏழை நாடுகளின் சிறிய இதழ்களை அவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் மணியை முதலில் அடித்தவர் அவர்.

நம் நாட்டில் இந்தக் கடைகளுக்கு வியாபாரம் பெருகியதற்கு விதியும் ஒரு காரணம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்று 2009 முதல் இருந்தது. 2022 விதிகளில் மானியக் குழு அதை எடுத்துவிட்டது. பல இடங்களில் பழக்கம் மட்டும் போகவில்லை. நல்ல இதழ்களைப் பட்டியலிட மானியக் குழு நடத்திவந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. இனி இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாக்கியத்தை, தங்கச்சி, இரண்டு தடவை படி. அந்தந்த நிறுவனம் என்றால் யார்? துணைவேந்தரா உட்கார்ந்து ஐஎஸ்எஸ்என் சரிபார்க்கப் போகிறார்? ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கு அப்படி ஓர் இதழ் இருப்பதாவது தெரியுமா என்று அஞ்சல் போட்டுக் கேட்பது, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று இதழ் சொன்னால் ஸ்கோபஸ் தளத்துக்கே போய்ப் பார்ப்பது, திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் தேடுவது, போன வருட இதழின் கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பது. இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய வளாகத்தில் பயிற்சி உள்ள ஒரே ஆள் நூலகர். கல்யாண வீட்டு மாமாவுக்கு இதுதான் பதில்.

எங்கெல்லாம் வேலை இருக்கிறது

வெளியில் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2008-இல் ஆசிரியர்களே வாக்களித்து, தங்கள் கட்டுரைகளைத் திறந்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். அதை நடத்த நூலகத்தோடு சேர்ந்து ஓர் அலுவலகமே உருவானது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் பதிப்பகத்தோடு சந்தாவை முறித்துக்கொண்டு, 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் முன்னால் உட்கார்ந்தவர்கள் நூலகத்தின் தலைவர்கள். இயற்பியலாளர்கள் தினமும் திறக்கும் ஆர்க்கைவ் தளத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது கார்னெல் பல்கலைக்கழக நூலகம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் ஆய்விதழ்களையே வெளியிடுகிறது. உரிமம் பார்க்க ஒருவர், களஞ்சியத்துக்கு ஒருவர், ஆய்வுத் தரவுக்கு ஒருவர் என்று பெரிய நூலகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அத்தனையும் ஓர் ஆள், அதுவும் நாக் தர மதிப்பீட்டுக் கோப்புக்கும் தேர்வு மேற்பார்வைக்கும் நடுவில்.

நாம் பின்தங்கித் தொடங்கியவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூர் ஐஐஎஸ்சியில் டி.பி. ராஜசேகர் குழுவினர் 2002-இலேயே நிறுவனக் களஞ்சியம் அமைத்துவிட்டார்கள். நாட்டில் அதுதான் முதலாவது. சென்னையில் சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகளாக விஞ்ஞானிகளையும் நூலகர்களையும் ஓயாமல் நச்சரித்துத் திறந்த அணுக்கத்தைப் பேசுபொருளாக்கினார். ரூர்கேலா என்ஐடி 2006-இல் தன் ஆசிரியர்கள் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைப்பதைக் கட்டாயமாக்கியது. இந்திய அரசின் அறிவியல் துறைகள் இரண்டு 2014-இல் கொள்கையே வெளியிட்டன. ஆள் இருந்தார்கள், கொள்கை இருந்தது. அன்றாடம் உட்கார்ந்து செய்வதற்குப் பதவி மட்டும் போடப்படவில்லை.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். முதல் வழி வழக்கமான வழிதான். நூலக அறிவியலில் முதுகலை, 55 சதவீதம், நெட் அல்லது செட். உதவி நூலகர் அல்லது கல்லூரி நூலகர் பதவிக்கு மானியக் குழு ஊதிய நிலை 10, தொடக்கம் 57,700 ரூபாய். இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம், ஒப்பந்த வேலைகளும் உண்டு. உள்ளே போனபின் இந்த வேலையை நீயாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இன்ஃப்ளிப்நெட் போன்ற மையங்களிலும் வரும் திட்டப் பணிகள். மூன்றாவது, நான் சொன்ன சென்னை, புதுச்சேரிப் பதிப்புப் பணி நிறுவனங்கள். ஆய்விதழ் எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து பார்க்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நான்காவது, தமிழ் ஆவணங்களை எண்மமாக்கும் இடங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத் தமிழ் ஆவணங்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் போன்றவை. அவற்றின் வேலை ஆய்விதழ் இல்லைதான், ஆனால் மெட்டாடேட்டாவும் பதிப்புரிமையும் அங்கே கை பழகும்.

எதைக் கற்றுக்கொள்வது

கோர்ஸ் கோர்ஸாகப் போய்ச் சேர வேண்டாம். பழைய கணினி ஒன்றில் டி-ஸ்பேஸ் நிறுவிப் பார். முதல் தடவை வராது, அழுகை வரும். மூன்றாவது தடவை வந்துவிடும். அதே போல ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருள். கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது, உலகெங்கும் சிறிய ஆய்விதழ்கள் பல இதில்தான் நடக்கின்றன. உன் துறையின் தமிழ் ஆய்விதழ் இன்னும் அச்சில் மட்டும் வருகிறதா? அவர்களுக்கு இதைச் செய்து கொடு, அதுவே உன் பயோடேட்டா.

பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 52-ஐயாவது ஒழுங்காகப் படி. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016-இல் உயர்நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றவும், விரிதாளில் ஆயிரம் வரியைச் சுத்தம் செய்யவும் பழகு. டிஓஏஜே இதழ்களைப் பரிசீலிக்க அவ்வப்போது தன்னார்வலர்களைச் சேர்க்கிறது, விண்ணப்பித்துப் பார். இதழ்களை எடைபோடும் கண் அங்கே கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட, பேசப் பழகு. பேராசிரியர் அறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரத் தெரிய வேண்டும். நமக்கு அடக்கம் அதிகம். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிவிட்டோம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்த வேலை சீக்கிரமே எண்ணிக்கை வேலையாகத் திரிந்துவிடும். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று தரவரிசைக்காகக் கணக்கெடுத்தே ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் கொடு, ஆனால் அதுதான் உன் வேலை என்று ஒப்புக்கொள்ளாதே. இரண்டு, பேக்கப். ஒருமுறை யூபிஎஸ் பழுதாகி எங்கள் களஞ்சிய சர்வர் படுத்துவிட்டது. என்னிடம் இருந்த நகல் ஐந்து மாதம் பழையது. மறுபடி ஏற்ற இரண்டு மாதம் ஆனது. ஒரு ஆளை மட்டும் நம்பி நிற்கும் களஞ்சியம் அந்த ஆள் ஓய்வுபெறும் நாளில் செத்துவிடும். நீ செய்வதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே செய்.

தப்பான கோர்ஸா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். நம் நூலக அறிவியலின் தந்தை என்கிறோமே, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே சலிப்புத் தாங்காமல், பழைய வேலையையே கொடுங்கள் என்று கல்லூரிக்குத் திரும்பி ஓடினார். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அங்கே போனபிறகுதான் இதில் செய்ய என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு செய்ததெல்லாம் உனக்கு மனப்பாடம். அவருக்கே முதல் வாரத்தில் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியிருக்கிறது. உனக்கு ஒரு வருடம் கழித்துத் தோன்றியதில் தவறே இல்லை.

அந்த இரும்பு பீரோ இன்னும் எங்கள் பின்னறையில்தான் இருக்கிறது. சிடிக்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இப்போது அதில் தேர்வுப் பிரிவின் வெற்று விடைத்தாள் கட்டுகளை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடைசிக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தத்தைச் செய்து அனுப்பினீர்களே, அந்த வேர்டு ஃபைல் உங்கள் மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதியில் இன்னும் இருக்கும். இப்போதே தேடி எடுத்து உங்கள் நூலகருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த லேப்டாப்பும் ஒருநாள் போகும்.